யாருக்குப் பதினாறு நாள்

அப்பா இறந்த எட்டாம் நாள் காலையில் அண்ணியும் நானும் கோவில் பார்க்கக் கிளம்பினோம். இப்படி எழுதிப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் சரி.

அனுப்பியது அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. "அந்தப் பொண்ணு வெயில்ல வெந்து போயி உக்காந்திருக்குது பாரு, பாவம். அதுக்கென்ன தீட்டா, ஒண்ணா? நீயும் சும்மாதான இருக்க. கோவில் கொளம்னு நாலு எடம் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டு" என்றாள். அந்தப் பொண்ணுக்கு வயது ஐம்பத்திரண்டு. அது என் அண்ணி. வெள்ளைக்காரி.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருப்பார். எங்கள் வீட்டில் அண்ணன். சமையல் வேலைக்குப் போனவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். அண்ணி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் புதுச்சேரிக்கு அவள் வந்தது நாலைந்து முறை இருக்கும். தமிழ் அவளுக்கு இருபது வார்த்தை தெரியும். என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள். அண்ணன் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறாள். நாற்பத்தாறு வயதில், தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரி வாயால் பாப்பாவாக இருப்பது எனக்குப் பிடித்துதான் இருந்தது.

சாவு வீட்டில் அண்ணியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இருக்கிற ஒரே கைவைத்த நாற்காலியை ஃபேனுக்குக் கீழே போட்டு அவளை அதில் உட்கார வைத்தார்கள். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனால் ஐந்து பெண்கள் ஓடிவந்து கையிலிருந்து பிடுங்குவார்கள். தரையில் உட்கார்ந்தால் எழுப்பி மறுபடி நாற்காலிக்கு அனுப்புவார்கள். முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி நாள் முழுக்க அங்கேயே இருந்தாள்.

என்னால் வந்த தொந்தரவு வேறு. நான் அழவில்லை. வருகிறவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுப்பேன். மோர் வேண்டுமா என்று கேட்பேன். "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று சமையல்கட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிற இடமே தெரியாமல் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தேன். கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. ஆக, எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பினால் எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் நான் கோவிலுக்குள் போகமாட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சாவுத் தீட்டு. சாவு வீட்டுக்காரர்கள் கோவில் படி மிதிக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா செத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, பதினாறு நாள் இருந்தேன். மாமனார் செத்தபோதும் பதினாறு நாள். இப்போது அப்பா. அதனால் அண்ணி உள்ளே போய்ப் பார்க்கட்டும், நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், அப்படி வெளியே நிற்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அழ வராதவள் அப்பாவுக்காகச் செய்ய வேறு என்ன இருக்கிறது? கோவில் வாசலில் நின்று உள்ளே போகாமல் இருப்பேன். நான் துக்கத்தில் இருக்கிறேன் என்பதற்கு என்னிடம் இருந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.

முதல் நாள் டவுன் பிள்ளையார் கோவில். கடற்கரைக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த தெருக்களுக்கு நடுவில் இருக்கிறதே, அது. காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதித்தது. வாடகை ஸ்கூட்டரில் வந்த பிள்ளைகள் தொப்பியும் கண்ணாடியுமாக வரிசையில் நின்றார்கள். அண்ணி துப்பட்டாவைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, செருப்பை என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வரிசையில் சேர்ந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்து வா வா என்று கையை ஆட்டினாள். நான் வரவில்லை என்று தலையை ஆட்டினேன். எதிர்ச் சுவர் ஓரம் ஒரு முழம் நிழல் இருந்தது. நேரம் ஆக ஆக அது சுருங்கியது, நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டே போனேன். ஒரு கையில் என் செருப்பு, இன்னொரு கையில் அவளுடையது. என் செருப்பை நான் எதற்குக் கழற்றினேன் என்று அரைமணி நேரம் கழித்துத்தான் யோசித்தேன். காலில் போட்டுக்கொண்டேன்.

அண்ணி நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். இலையில் சுண்டல் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் பத்தாவதுவரை பிரெஞ்சு படித்தவள். தேர்வில் பாஸாகிற அளவுக்குத்தான். தீட்டுக்கு அதில் என்ன வார்த்தை? தலைக்குள் தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன். 'சால்'. அழுக்கு என்று அர்த்தம். "நான் சால். பதினாறு நாள் சால்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சுண்டல் முழுவதையும் அவளே தின்றாள்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து, காகிதம் சுற்றிய வாசனை சோப்பு ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் என் கையில் வைத்து மூடினாள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். மொட்டைத் தலையோடு பாயில் படுத்திருந்தவன், சாவுக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தான். பிறகு அவளைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் விளக்கினான். செத்தவர்களுடைய வீட்டு ஆட்கள் கோவிலுக்குப் போகமாட்டார்கள், அதுதான் தீட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் தன் நெஞ்சில் கைவைத்து ஏதோ கேட்டாள். இவன் தலையை ஆட்டி, "உனக்கு இல்ல" என்று தமிழிலேயே சொன்னான். அந்த இரண்டு வார்த்தையும் அவளுடைய இருபது வார்த்தைக்குள் இருந்தன. சரி என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பஞ்சவடி. பெரிய அனுமார் கோவில். வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நின்றேன். எத்தனை வேன் வந்தது, எந்த ஊர் நம்பர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையில் இறங்கியது. அப்பாவை நினைக்க வேண்டும் என்று முயற்சி செய்தேன். வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஏடிஎம் வாசலில் காவலாளியாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாரே, அந்த நீலச் சட்டைதான் நினைவுக்கு வந்தது, அதற்குள் அவர் வரவில்லை. பத்தாம் நாள் ஆட்டோக்காரருக்கு வேறு சவாரி இருந்தது, போகவில்லை.

பதினோராம் நாள் வில்லியனூர் பெரிய கோவில். அதை முடித்துக்கொண்டு வீராம்பட்டினம் அம்மன் கோவில் என்று திட்டம். ஆட்டோக்காரர் எங்கள் தெரு ஸ்டாண்டுக்காரர்தான். தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுப் பின்சீட்டில் படுத்துக்கொண்டார். கோபுர வாசலில் காவல்காரர் அண்ணியை நிறுத்தினார். வெள்ளைக்காரர்கள் கொடிமரத்துக்கு அப்பால் போகலாமா கூடாதா என்று அவருக்கே சந்தேகம். அண்ணி நிமிர்ந்து நின்று, "நான் இந்த ஊர் மருமகள்" என்றாள். அண்ணன் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்த வாக்கியம். காவல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மருமவளா? அப்ப போம்மா, போ" என்று வழி விட்டார்.

நான் வாசலுக்கு வெளியே பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றேன். கடை என்றால் ஒரு பலகை, மேலே ஒரு குடை, ஈரச் சாக்கு. பூக்காரிக்கும் என் வயதுதான் இருக்கும்.

"பூ வாங்கிக்கம்மா. மல்லி இப்பதான் வந்துச்சி."

"வேணாங்க்கா."

"ஒனக்கு வேணான்னா சாமிக்கு வாங்கு."

"நான் உள்ள போவல."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தூரமா?"

"இல்ல, சாவுத் தீட்டு."

"அய்ய. யாரு?"

"அப்பா."

"எத்தினி நாளாச்சி?"

"இன்னியோட பதினொண்ணு."

த்சொ த்சொ என்றாள். கை பாட்டுக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணி தொடுத்த பிறகு நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தாள்.

"ஒனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சில்ல?"

"ஆச்சி. இருவது வருசம்."

"அப்பறம் இன்னாத்துக்கு வெளிய நிக்கிற? கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான்."

"எங்க வீட்ல பதினாறு."

"ஒங்க வூட்டுல பதினாறுதான். நீ எங்க ஒங்க வூட்டுல இருக்க? வேற வூட்டுக்குப் போயிட்டல்ல? எங்கப்பன் செத்தாரு, மூணு நாளு, நாலாம் நாளு விடிகாலைல வந்து இங்க கடையப் போட்டுட்டேன். இதே சாமிக்குத்தான் மாலை கட்டிக் குடுத்தேன். யாரு இன்னா சொன்னா?"

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா செத்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் பதினாறு. மாமனார் செத்தபோது நான் மருமகள். அதனால் பதினாறு. இரண்டு தடவையும் பதினாறு வந்ததால் எப்போதும் பதினாறு என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இது மாறும் என்பது தெரியும். எங்கள் ஆட்களிலேயே பக்கத்து வீட்டு அக்கா தன் அம்மா செத்த மறுவாரம் கோவிலுக்குப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன இவ்வளவு அவசரம் என்று அன்றைக்கு நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

பூக்காரி விடவில்லை. "ஒங்கூட ஒரு வெள்ளைக்காரம்மா வந்துதே, அது யாரு?"

"எங்க அண்ணி."

"கூடப்பொறந்த அண்ணன் பொண்டாட்டியா?"

"ஆமா."

அவள் கை நின்றது. "அடிப்பாவி! அதுக்குத்தான் பதினாறு நாளு! அது போவக் கூடாது, நீ போவலாம். தலைகீழா மாத்திப்புட்டியே!" என்றவள் சிரித்துவிட்டாள். சாவு வீட்டுக்காரியிடம் சிரித்துவிட்டோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் மாத்திரைக்கு அட்டை அடிக்கிற யூனிட்டில் நான் சூப்பர்வைசர். அப்பா இறந்தால் மூன்று நாள் லீவு, மிச்சம் வேண்டுமானால் சொந்த லீவில் கழித்துக்கொள்ள வேண்டும். மனசாட்சி இல்லாத பயல்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர்களும் சாஸ்திரப்படிதான் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

அத்தைக்கு இதெல்லாம் தெரியாதா என்று யோசித்தேன். நன்றாகத் தெரியும். அவளும் கட்டிக் கொடுத்த பொண்ணுதான். நான் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். 'நீயும் சும்மாதான இருக்க' என்று சொன்னதற்கு அர்த்தம் அதுதான். என் தீட்டு முடிந்துவிட்டது, எனவே என்னை அனுப்பினாள். அண்ணிக்குத் தீட்டே கிடையாது என்று அவளையும் அனுப்பினாள். மருமகள் என்ற இடத்தில் அவளை யாரும் வைத்துப் பார்த்ததே இல்லை. அண்ணன் உட்பட. நான் உட்பட.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பதினொரு நாளில் முதன்முதலாக வந்தது அதுதான். வந்தது தெரிந்ததும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மூன்று நாள். கடைசி நாலு வருடம் அவருக்கு நகம் வெட்டிவிட்டது நான். கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனது நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனது நான். ஆஸ்பத்திரியில் கடைசியாக மாஸ்க்கை எடுத்துவிட்டு நர்ஸ் திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்றது நான். இதற்கெல்லாம் மூன்று நாள். அதுவும் போன வாரமே முடிந்துவிட்டது. எனக்குத் தெரியக்கூட இல்லை. முடிந்துபோன தீட்டை வைத்துக்கொண்டு மூன்று கோவில் வாசலில் வெயிலில் நின்றிருக்கிறேன்.

அண்ணி வெளியே வந்தாள். விபூதி, குங்குமம், கையில் ஒரு துண்டு மாலை. முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஐந்து நாள்தானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் பூக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கும் வாய் நிற்கவில்லை.

"அண்ணி, நான் தீட்டு இல்ல. நீங்கதான் தீட்டு" என்றேன்.

அவள் தன் குர்தாவைக் குனிந்து பார்த்தாள். "சால்?" என்றாள்.

"இல்ல இல்ல, சால் இல்ல." எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அப்பா என்றேன். வானத்தைக் காட்டினேன். பதினாறு என்று விரலை விரித்து விரித்துக் காட்டினேன்.

அவள் யோசித்துவிட்டு, "தேய்?" என்றாள்.

எதைத் தேய்க்கச் சொல்கிறாள் என்று விழித்தேன். நெற்றியைத் தேய்க்கச் சொல்கிறாளா? அவள் மறுபடி, "தேய், தேய்" என்று சொல்லி, நெஞ்சில் கைவைத்தாள். அது அவர்கள் வார்த்தை என்று அப்போதுதான் புரிந்தது. அவள் போனில் அடித்துக் காட்டினாள். திரையில் தமிழில் 'துக்கம்' என்று வந்தது. ஒருவர் செத்தால் அந்த வீட்டார் இருக்கிற துக்கம். பத்தாவது வரை படித்த பிரெஞ்சில் அந்த வார்த்தை எனக்கு வரவே இல்லை, பாடத்தில் யாரும் சாகவில்லை.

"ஆமா. தேய். நீங்க பதினாறு நாள்" என்றேன். "மருமகள் இல்ல? அதனால."

"நான்?"

"நீங்கதான்."

அவள் செருப்பு விடுகிற இடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். மாலைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு துப்பட்டா நுனியால் நெற்றியைத் துடைத்தாள். பரவாயில்லை, வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. துடைத்துக்கொண்டே அழுதாள். சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போனில் அப்பாவை வீடியோவில் கூப்பிடுவான், கடைசியில் போன் அண்ணி கைக்குப் போகும். "சாப்ட்டியாம்மா" என்பார் அப்பா. "சாப்ட்டேன். நீங்க சாப்ட்டாச்சா?" என்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பாஷை கிடையாது. ஆனாலும் போனை வைக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் எத்தனையோ முறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவளுக்குத் துக்கம் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளிடம் பதினாறு நாள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதும் அவளுக்கு அழுகை வருகிறது. என்னிடமிருந்து அது போய்விட்டது, எனக்கு அப்போதும் வரவில்லை.

மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ, பாப்பா?" என்றாள்.

மூன்று விரலைக் காட்டினேன். "முடிஞ்சிடுச்சி. போன வாரமே."

அவள் என் மூன்று விரலையும் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் பாஷையில் இல்லை இல்லை என்று சொல்லித் தலையை ஆட்டினாள். பிறகு தமிழுக்குத் தடுமாறி, "அப்பா, உன் அப்பா" என்றாள்.

ஆமாம். என் அப்பாதான்.

ஆட்டோக்காரர் எழுந்து வந்து, "அடுத்து வீராம்பட்டினமா, வூட்டுக்கா?" என்று கேட்டார். வீராம்பட்டினம் என்றேன். அண்ணி இனி எந்தக் கோவிலுக்கும் போகமாட்டாள். நான் போவதாக முடிவு செய்துவிட்டேன். விதி அதுதான் என்றால் அதுதான். வேறு வீட்டுப் பொண்ணு என்றால் வேறு வீட்டுப் பொண்ணாகவே போய், அர்ச்சனை செய்து, விபூதி பூசிக்கொண்டு வருகிறேன். கோபத்தில் எடுத்த முடிவு. வழியெல்லாம் அப்பாவோடு மனசுக்குள் சண்டை. தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுத்தீங்களே, கொடுக்கும்போது தெரியுமா உங்களுக்கு, உங்க சாவுக்கு மூணு நாள்தான் நான் உங்க பொண்ணுன்னு? தெரிந்துதான் இருக்கும். அவருடைய தங்கைக்கும், அத்தைகளுக்கும் அதே மூன்றுதானே. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அரியாங்குப்பம் தாண்டிப் போகும்போது மணி பதினொன்றரை. காற்று நெருப்பாக அடித்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் கையும் வேர்வையில் வழுக்கியது, விடவில்லை.

வீராம்பட்டினத்தில் கோவில் வாசல் காலியாக இருந்தது. அந்த நேரத்துக்கு யார் வருவார்கள். வலைகளைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள், கருவாட்டு வாசனை. அண்ணி பந்தல் நிழலில் உட்கார்ந்து, என் செருப்புக்காகக் கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். குழாயில் கால் கழுவினேன். கல் தரையில் கால் வைக்க முடியவில்லை, குதித்துக் குதித்து ஓடினேன். ஓடும்போதே ஈரம் காய்ந்துவிட்டது.

உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. விளக்கு எரிவது தெரிந்தது. பூசாரி கையில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"வாம்மா, வா. சீக்கிரம். நடை சாத்தப் போறன்."

வலது காலைத் தூக்கினேன். வாசற்படிக்கு மேலே தூக்கியாயிற்று, வைக்க வேண்டியதுதான். வைத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. யாரும் தடுக்கப்போவதில்லை. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம், எல்லாரையும் போல, எதுவும் நடக்காதவளைப் போல. அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. காலைக் கீழே, வெளியே, அந்தக் கொதிக்கிற கல்லிலேயே வைத்தேன்.

"இல்லீங்க. தீட்டு" என்றேன்.

"என்ன தீட்டு?"

"அப்பா தவறிட்டாரு."

"அடடா. எத்தினி நாளாச்சிம்மா?"

"பதினொண்ணு."

உச்சி வெயில் என் மேல் விழுந்துகொண்டிருந்தது. தாலிச் சரடு புடவைக்கு மேலேதான் கிடந்தது, மறைக்கவில்லை. அவர் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு, கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தானேம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். "பதினாறு முடிச்சிட்டு வாம்மா. ஆத்தா எங்க போயிடப் போறா" என்றார். கதவை மெதுவாகச் சாத்திப் பூட்டினார்.

திரும்பி நடந்தேன். இந்தத் தடவை ஓடவில்லை, கால் சுட்டதா என்று தெரியாது. பாதித் தூரத்திலேயே அழுகை வந்துவிட்டது. பந்தலுக்கு வருவதற்குள் எனக்கு வழி தெரியவில்லை, வாயிலிருந்து எப்படிப்பட்ட சத்தம் வந்ததென்று எனக்குத் தெரியாது. வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி எழுந்து ஓடிவந்து, இரண்டு பேர் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டாள். என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்டாள், பிரெஞ்சிலும் கேட்டாள், தமிழிலும் கேட்டாள்.

பேச வந்ததும் அவள் முகத்துக்கு நேரே ஒரு கையை விரித்துக் காட்டினேன்.

"அஞ்சு நாள், அண்ணி. எனக்கும் இன்னும் அஞ்சு நாள் இருக்கு."